மகோகனி என்று நம்பி ஏமாந்தேன்: கிட்டார் செய்ய மரம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கோத்தகிரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் எலக்ட்ரிக் கிட்டார் செய்துகொண்டிருக்கிறேன், இது எனக்கு இரண்டாவது. முதல் கிட்டாருக்கு ஒரு பழைய கதவின் தேக்கை எடுத்தேன், எந்தத் தொந்தரவும் வரவில்லை. இந்த முறை பாடி (உடல் பாகம்), நெக் (கையில் பிடித்து வாசிக்கிற நீளமான பாகம்) இரண்டும் மகோகனியில் வேண்டும் என்று ஆசைப்பட்டு, கிட்டாருக்கென்றே மரம் விற்பதாகச் சொல்லும், கீழே சமவெளியில் இருக்கிற ஒரு கடைக்கு செப்டம்பரில் பணம் அனுப்பினேன். 20 அங்குல நீளம், 14 அங்குல அகலம், ஒன்றே முக்கால் அங்குலக் கனத்தில் பாடிக்கு ஒரு பலகை, நெக்குக்கு ஒரு கட்டை, பார்சல் செலவோடு 9,800 ரூபாய். "ரெண்டு வருஷம் காஞ்ச மரம் சார், தைரியமா இழைக்கலாம்" என்றார் கடைக்காரர் போனில்.

வந்தது நல்ல செம்பழுப்பு நிறம். கையில் எடுத்தால் கனமாக இருந்தது, கனமிருந்தால் நல்ல மரம் என்று நினைத்துக்கொண்டேன், அங்கேதான் தப்பு செய்தேன். நெக்கை உளியும் அரமுமாக மூன்று வாரம் செதுக்கி, ட்ரஸ் ராடுக்கு (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைக்கிற உலோகக் கம்பி) பள்ளம் எடுத்து, முன்பு பில்லோடு வாங்கி வைத்திருந்த ஈட்டி மர ஃபிரெட்போர்டை, அதாவது விரல் வைத்து வாசிக்கிற பட்டையை, ஒட்டி, அதன் குறுக்கே 22 ஃபிரெட் கம்பியும் அடித்து முடித்தேன்.

பாடிக்கு உப்புத்தாள் போடும்போதுதான் முதல் சந்தேகம். 80-ம் நம்பர் தாளில் நாலு இழுப்பு இழுத்ததுமே சிவப்பு போய் வெளிறிய நிறம் தெரிந்தது. 220-க்கு வந்தபோது பலகை முழுக்க மீன் செதில் மாதிரி மின்னுகிற புள்ளிகள். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா, நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கை அறுத்தால் இப்படித்தான் இருக்கும். மனசு கேட்காமல் எங்கள் தெரு ஆசாரி அண்ணனிடம் கொண்டுபோனேன். தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் இழைக்காத முனையைத் துடைத்தார், துணி சிவப்பாகிவிட்டது. "நம்ம ஓக்கு மரம்தான் தம்பி, சாயம் ஏத்தியிருக்கானுங்க. பச்சையா வேற இருக்கு."

சில்வர் ஓக் மட்டமான மரம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் காய்ந்தால் அந்தப் புள்ளிகளுக்காகவே அதில் கிட்டார் செய்யலாம். அந்தப் பெயரைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு, காய்ந்த மரமாகக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

நவம்பரில் நெக் முறுக்கிக்கொண்டது. முன்னாலோ பின்னாலோ வளைந்த நெக்கைத்தான் ட்ரஸ் ராட் நேராக்கும், முறுக்கலை எடுக்காது. நெக் உட்காருகிற பள்ளத்தின் ஓரமும் விரிசல் விட்டது. அத்தனை வேலையும் போச்சு.

கடைக்காரரைக் கூப்பிட்டேன். முதல் இரண்டு நாள் பதிலே இல்லை, அப்புறம், "உங்க ஊர் ஈரம் சார், நாங்க காஞ்சதுதான் அனுப்பினோம்" என்றார். கேட்டால் நியாயமாகத் தெரியும். எங்கள் ஊர் ஈரம் பொய்யில்லை, மழை நாளில் லாக்கர் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், அதனாலேயே பாலிஷ் வேலையை ஜனவரிக்குத் தள்ளிவைப்பேன். ஆனால் பாடி வெட்டியதில் மிஞ்சிய துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சமையலறைத் தராசில் நிறுத்தேன், 850 கிராம். அடுப்புப் பக்கமே கொண்டுபோகாமல் அதே அறையில் வைத்து தினமும் நிறுத்து நோட்டில் எழுதினேன். வெளியே விடாத மழை, மூன்று வாரத்தில் 809 கிராமுக்கு இறங்கியது. காய்ந்த மரம் எங்கள் ஊர் ஈரத்தைக் குடித்திருந்தால் எடை ஏறித்தானே இருக்கவேண்டும்? மழையிலும் குறைகிறது என்றால் வரும்போதே அதற்குள் தண்ணீர் இருந்திருக்கிறது. இதை எழுதி அனுப்பியதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

மரம் வந்ததும் வெட்டாதீர்கள். எடையைக் குறித்துவைத்து, இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு எடை நிற்கிறதா என்று பாருங்கள். கிட்டாருக்கு மரத்தின் ஈரப்பதம் 8 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது, மீட்டர் வைத்துக் காட்டி வீடியோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஒரு மூலையை இழைத்தும் தின்னர் துணியால் துடைத்தும் பாருங்கள். முக்கியமாக, பில்லில் மரத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். என் பில்லில் 'மகோகனி' என்று இருக்கிறது, இப்போது கையில் இருக்கிற பிடி அது ஒன்றுதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். 2019 நுகர்வோர் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வாங்கிய பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. அவர்கள் வழிக்கு வராவிட்டால் பில், நோட்டு, துணி, அந்தத் துண்டு நாலையும் எடுத்துக்கொண்டு ஊட்டிக்குப் போகிறேன். துண்டு இன்று காலை 803 கிராம்.