காம்பாக்ட் கேமராவுக்கு நீருக்கடியில் எந்த வெளிச்சம்?

காம்பாக்ட் கேமராவை ஹவுசிங்கில் (தண்ணீர் புகாத உறையில்) போட்டு முதல்முறை கடலுக்குள் எடுத்துப் போகிறவர்களுக்கு நீலமும் பச்சையும் கலந்த மங்கலான படங்களே கிடைக்கும். உடனே பெரிய கேமரா வாங்கலாமா என்று மனம் அலைபாயும். கேமராவை அப்படியே விட்டுவிட்டு வெளிச்சத்தை மாற்றுங்கள் என்பதுதான் என் கட்சி. அதற்கு நான்கு வழிகள் உண்டு: கேமராவிலேயே இருக்கும் ஃப்ளாஷ், சிவப்பு ஃபில்டர், தொடர்ந்து எரியும் வீடியோ லைட், கேமராவுக்கு வெளியே மாட்டும் தனி ஃப்ளாஷான ஸ்ட்ரோப். இவற்றில் எது எவ்வளவு பிரகாசம் என்றுதான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். வெளிச்சம் லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை நான் முதலில் பார்ப்பேன்.

தண்ணீர் சிவப்பு நிறத்தைத்தான் முதலில் விழுங்கும். ஐந்து மீட்டர் ஆழத்திலேயே அதில் பெரும்பகுதி போய்விடும், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள். ஆழம் மட்டும் கணக்கில்லை, பக்கவாட்டில் ஒளி கடக்கும் தூரமும் சேர்ந்துதான் கணக்கு. ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் மீன்மீது ஸ்ட்ரோப் அடித்தால், போக ஒன்று, திரும்ப ஒன்று என்று ஒளி இரண்டு மீட்டர் தண்ணீரைக் கடக்கிறது. அதனால் எந்த விளக்கானாலும் கிட்டே போய் எடுப்பதுதான் வழி. ஒன்றரை மீட்டருக்கு அப்பால் ஸ்ட்ரோபிடம்கூடப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

கேமராவின் சொந்த ஃப்ளாஷ் கூடுதல் செலவில்லாதது. அதன் கோளாறு அது இருக்கும் இடம்: லென்ஸை ஒட்டி. தண்ணீரில் மிதக்கும் துகள்கள்மீது பட்ட ஒளி நேராக லென்ஸுக்கே திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகளாக விழும். இதைத்தான் பேக்ஸ்கேட்டர் என்கிறோம். கொட்டும் மழையில் காரின் ஹை பீமைப் போட்டால் சாலை தெரியாமல் மழைக்கோடுகள் மட்டும் பளிச்சிடுமே, அதே கதை. ரொம்பக் கிட்டே போனாலோ ஹவுசிங்கின் லென்ஸ் முனை ஃப்ளாஷை மறைத்து, படத்தின் ஒரு மூலை கறுப்பாகிவிடும். ஹவுசிங்கோடு வரும் வெள்ளை டிஃப்யூசர் ஒளியைக் கொஞ்சம் பரப்பும், புள்ளிகளை ஒழிக்காது. ஒலிம்பஸ் டிஜி கேமரா வரிசைக்கு எஃப்டி-1 என்றொரு துணைக்கருவி இருக்கிறது. சொந்த ஃப்ளாஷின் ஒளியை லென்ஸைச் சுற்றி வளையமாக விரித்துக் கொடுக்கும் அது, ஒரு கையளவு தூரத்தில் இருக்கும் பூச்சி, நத்தை வகைகளுக்கு உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும். அதைத் தாண்டி மீன், பவளம் என்று போனால் பலன் இல்லை.

சிவப்பு ஃபில்டரும் கையால் அமைக்கும் வெள்ளைச் சமநிலையும் (வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி கேமராவில் நிறத்தைத் திருத்துவது) சூரியனை நம்பி நிற்பவை. பகல் வெயில், தெளிந்த தண்ணீர், அதிக ஆழமில்லை என்றால் மூழ்கிய கப்பல், திருக்கைக் கூட்டம் போன்ற பெரிய காட்சிகளுக்கு இதுதான் சரி. அவ்வளவு பரப்பை எந்த ஸ்ட்ரோபும் எட்டாது. ஃபில்டர் ஒளியைத் தின்னும், பதினைந்து மீட்டர் அளவில் அதன் ஆட்டம் முடிந்துவிடும். இரவு டைவில் அதை வீட்டிலேயே விட்டுவிடலாம். ஃபில்டர் மாட்டியிருக்கும்போது ஸ்ட்ரோப் அடிக்கவே கூடாது, முன்னால் இருப்பதெல்லாம் ரத்தச் சிவப்பாகிவிடும்.

உண்மையான போட்டி வீடியோ லைட்டுக்கும் ஸ்ட்ரோபுக்கும் இடையில்தான். இரண்டையும் ஆர்ம் என்ற நீட்டுக்கை வைத்து லென்ஸிலிருந்து தள்ளி நிறுத்தலாம், ஆகவே பேக்ஸ்கேட்டர் விஷயத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். வீடியோ லைட்டில் எடுக்கப்போகும் படம் கண்ணெதிரே தெரியும். நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக் கையால் திருப்பிக்கொள்ளலாம். இருட்டான இடுக்கில் ஃபோகஸ் பிடிக்காமல் திணறும் காம்பாக்ட் கேமராவுக்கு அந்த வெளிச்சமே பாதி உதவி. கேபிள் கிடையாது, கேமராவோடு ஒத்துப்போகுமா என்ற கவலை கிடையாது. புதிதாகத் தொடங்குபவர் இதை விரும்புவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் படம் என்று வரும்போது அது தோற்கிறது. ஸ்ட்ரோப் தன் மொத்த ஒளியையும் நொடியின் மிகச் சிறு பகுதியில் கொட்டிவிடும், வீடியோ லைட் அதைச் சொட்டுச் சொட்டாக விடும். ஷட்டர் திறந்திருக்கும் அந்தக் கணத்துக்குள் விழும் ஒளியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆயிரக்கணக்கான லூமென் விளக்கும் ஒரு சின்ன ஸ்ட்ரோபுக்கு ஈடாகாது. ஈடுகட்ட ஷட்டரை மெதுவாக்க வேண்டும், இல்லையென்றால் ஐஎஸ்ஓ-வை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்ற வேண்டும். முதலாவதில் நீரோட்டத்தில் ஆடும் நம் உடம்பும் அசையும் மீனும் படத்தைக் கலைத்துவிடும். இரண்டாவதில் சின்ன சென்சார் பொரிபொரியாகக் கொடுக்கும். இன்னொன்று, இறால், நண்டு போன்றவை தொடர்ந்து எரியும் வெளிச்சத்தைப் பார்த்துப் பொந்துக்குள் போய்விடும். ஸ்ட்ரோப் அடித்து முடித்த பிறகுதான் அவற்றுக்கு விஷயமே தெரியும். உங்களுக்கு வீடியோதான் முக்கியம் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிட்டு லைட்டே வாங்குங்கள், ஸ்ட்ரோபால் வீடியோவுக்குப் பயனே இல்லை.

கேமராவிலிருந்து விளக்கைப் பிரிப்பது புது யோசனையும் இல்லை. 1926-ல் ஃப்ளோரிடா அருகே மீனியல் அறிஞர் லாங்லி, புகைப்படக்காரர் மார்ட்டின் இருவரும் கடலுக்கடியில் முதல் வண்ணப் படங்களை எடுத்தபோது, மெக்னீசியப் பொடியைக் கடலின் மேல் ஒரு தெப்பத்தில் வைத்து வெடிக்கவிட்டார்கள். அதை நினைத்தால் நம் ஆர்மும் கிளாம்பும் ரொம்பச் சாதுவான ஏற்பாடு.

காம்பாக்ட் கேமராவில் ஸ்ட்ரோபை இணைக்க ஃபைபர் ஆப்டிக் கேபிள் போதும். கேமரா ஃப்ளாஷ் மின்னும், அந்த மின்னல் கேபிள் வழியே போய் ஸ்ட்ரோபைத் தூண்டும். ஹவுசிங்கில் துளை வேண்டாம், கேபிள் கழன்றாலும் தண்ணீர் உள்ளே வராது. மின்கம்பியால் இணைக்கும் பழைய முறையை இந்த ரகத்துக்கு நான் சொல்லவே மாட்டேன். ஃப்ளாஷ் ஜன்னலைக் கறுப்பு மறைப்பால் மூடினால் அதன் சொந்த ஒளி காட்சியில் கசியாது. கவனிக்க வேண்டியது முன்மின்னல்: பல கேமராக்கள் அசல் ஃப்ளாஷுக்கு முன் ஒரு சோதனை மின்னல் அடிக்கும். ஸ்ட்ரோபில் அதற்கேற்ற நிலையை வைக்காவிட்டால் அது முன்கூட்டியே வெடித்து, படம் கறுப்பாக வரும்.

டிடிஎல்லா (ஒளியளவைக் கேமராவே தீர்மானிப்பது) மேனுவலா (நாமே வைப்பது) என்றால், மேக்ரோவுக்கு, அதாவது சின்னவற்றை மிகக் கிட்டே எடுக்கும் படங்களுக்கு, டிடிஎல் வசதி. தூரம் மாறிக்கொண்டே இருக்கும்போது ஒளியளவைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். பின்னணியில் நீலக்கடல் நிறைய இருந்தால் டிடிஎல் ஏமாந்து அதிகமாக அடித்துவிடும், அங்கே மேனுவலே நல்லது.

இங்கே காம்பாக்டுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. ஸ்ட்ரோப் தயாராகிவிடும், கேமராவின் சொந்த ஃப்ளாஷ் இன்னும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். அதுவரை அடுத்த படம் கிடையாது, பேட்டரியும் வேகமாகக் கரையும். கேமரா ஃப்ளாஷின் அளவைக் குறைக்க மெனுவில் வழியிருந்தால் குறைத்துவிடுங்கள், தூண்டுவதற்குச் சிறு மின்னலே போதும்.

எந்தக் கேமராவோடு ஸ்ட்ரோப் நன்றாகப் பொருந்தும்? டிஜி-6, டிஜி-7 இரண்டும் ஹவுசிங் இல்லாமலே 15 மீட்டர் தாங்கும், ஒரு சென்டிமீட்டர்வரை கிட்டே போகும். மேக்ரோவில் ஒற்றை ஸ்ட்ரோபோடு இவற்றை மிஞ்சுவது கடினம். ஆனால் ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் வசதி இவற்றில் இல்லை, அப்பர்ச்சரிலும் (ஒளி நுழையும் துளையின் அளவிலும்) சில படிகளே உண்டு. பின்னணி நீலத்தை நம் விருப்பப்படி கறுக்க வைக்க அது போதாது. சோனி ஆர்எக்ஸ்100 ஒரு அங்குல சென்சாரும் முழு மேனுவலும் கொண்டது. ஃப்ளாஷோடு 1/2000 நொடிவரை போகும் என்பதால் சூரியனையே சட்டத்துக்குள் வைத்து எடுக்கலாம். பதிலுக்கு ஹவுசிங் கட்டாயம், மேக்ரோவுக்கு ஹவுசிங்கின் வெளியே மாட்டும் தனி வெட் லென்ஸும் வேண்டியிருக்கும். சின்ன உயிர்கள் என்றால் டிஜி, அகலக் காட்சிகள் என்றால் சோனி.

ஒரு ஸ்ட்ரோபா இரண்டா என்பதும் இதைப் பொறுத்ததே. மேக்ரோவுக்கு இனான் எஸ்-2000 போன்ற சிறிய ஒன்று தாராளம். லென்ஸுக்கு மேலே சற்று முன்னால் வைத்துக் கீழ்நோக்கித் திருப்பினால் ஓடில்லாக் கடல் நத்தையின் புடைப்புகள்கூட நிழலோடு எழுந்து நிற்கும். அகலக் காட்சிக்கான வைட் லென்ஸ் மாட்டிப் பவளத்தின் முன் நின்றால் ஒன்று பாதியைத்தான் நனைக்கும். இரண்டை வாங்கி, ஆர்மை நன்றாக விரித்து, லென்ஸ் முனைக்குச் சற்றுப் பின்னால் வைத்து, வெளிப்பக்கமாக லேசாகத் திருப்ப வேண்டும். அப்படி வைத்தால் லென்ஸுக்கு நேர் முன்னால் உள்ள தண்ணீர் இருட்டாகவே இருக்கும், துகள்கள் மின்னாது. இரண்டுக்கும் சேர்த்து எடை கூடும் என்பதால் மிதவை ஆர்ம்கள் தேவைப்படும், இல்லாவிட்டால் மணிக்கட்டு வலிக்கும். முதல் வருஷம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு கேபிள்களை வெளியே மாட்ட இடமுள்ள ஹவுசிங்காகப் பார்த்து வாங்கி வைத்தால் பிறகு மற்றொன்றைச் சேர்க்கும்போது பழையதைத் தூக்கிப்போட வேண்டியிருக்காது.