மொரிஸ் மைனர் மெனுவல் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

"ஒரிஜினல் வேர்க்‌ஷொப் மெனுவல், இங்கிலாந்துப் புத்தகம், 1948 முதல் 1971 வரை எல்லா மொடலுக்கும்" என்று, மொரிஸ் மைனர் காரைக் கழற்றிப் பூட்டும் விதம் சொல்கிற புத்தகத்துக்கு ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. விலை 9,500 ரூபா. வீட்டிலேயே மைனரில் கை வைக்கிறவர்கள் காசு போடுவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

என்னுடையது 1098 சிசி எஞ்சின் போட்ட மைனர் 1000. தோட்டத்துப் பெரிய டீமேக்கர் ஒருவர் ஓய்வு பெற்றுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன கார். ஹட்டன் பக்கத்தில் ஆல்டோவுக்கும் வேனுக்கும் கராஜ் எத்தனையோ இருக்கின்றன. மைனரைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டிய பழைய மெக்கானிக் பாஸ்மார் ஒவ்வொருவராக வேலையை விட்டுவிட்டார்கள். அதனால்தான் புத்தகம் தேவைப்பட்டது.

வட்ஸ்அப்பில் அட்டைப் படமும் பொருளடக்கமும் அனுப்பினார்கள். இரண்டும் பளிச்சென்று இருந்தன. பணத்தை பேங்கில் போட்டேன், பார்சல் பஸ்ஸில் வந்தது. கலர் அட்டைக்கு லெமினேட், ஓரத்தில் ஸ்பைரல் கம்பி, உள்ளே கொப்பிக்குக் கொப்பி எடுத்த சாம்பல் நிறப் பக்கங்கள். எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவுகள் போட்ட அட்டவணையைத் திறந்தால் நட்டுகளின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன, எண்கள் இருக்க வேண்டிய வரிசையில் ஸ்பைரல் ஓட்டை! சிலிண்டர் ஹெட்டுக்கு 40 பவுண்ட்-அடி என்று பழைய ஆட்கள் வாயாலேயே சொல்வார்கள், சரி. எஞ்சினுக்குள்ளே இருக்கிற பிக் என்ட் போல்டுக்கு யாரைக் கேட்பது?

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிரிண்ட் எடுத்த புத்தகத்தில் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. கிரீஸ் கையோடு புரட்டுவதற்கு அதுதான் நல்லது, பிரிண்ட் என்று சொல்லி பிரிண்ட் விலைக்கு விற்றால். விஷயம் அதுவல்ல. பொருளடக்கத்தில் இருக்கிற 1098 சிசி எஞ்சினுக்கான பக்கங்கள் உள்ளே இல்லவே இல்லை.

மைனர் என்று ஒரே பெயரில் வந்தாலும் உள்ளே நான்கு எஞ்சின். முதலில் 918 சிசி சைட் வால்வ், பிறகு 803, 1956 முதல் 948, 1962 முதல் 1098. கடைசி மாற்றத்தில் கிளட்ச் பிளேட் 6¼ அங்குலத்திலிருந்து 7¼ ஆனது. முன் பிரேக் ட்ரம் 7 அங்குலத்திலிருந்து 8 ஆனது. எனக்கு வந்த புத்தகம் 948 உடன் நின்றுவிட்டது, அதற்குப் பிறகு வேறு அளவு உண்டு என்று ஓர் இடத்திலும் இல்லை. கழற்றுவதற்கு முன் சாமானை எடுத்து வைத்துக்கொள்வதுதான் மலைநாட்டில் வழக்கம். அந்தப் புத்தகத்தைப் பார்த்து, கொழும்பில் கார் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் எடுப்பித்த 6¼ பிளேட் இப்போது அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார், அது அவர் பிழையும் இல்லை.

விற்றவரைக் கூப்பிட்டேன். "அண்ணே, புத்தகம் கேட்டீங்க, புத்தகம் வந்துருச்சு தானே" என்றார். "தம்பி, 1971 வரைக்கும்னு போட்டிருக்கீங்களே" என்றதற்கு, "அட்டையில அப்படித்தாண்ணே இருக்கு." அட்டையை அடித்ததே அவர்தான்! பாதிப் பணமாவது தாருங்கள் என்று எழுதினேன். அதோடு என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார். பில் தரவில்லை. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்தான், ஆனால் காட்டுவதற்குக் கையில் இருப்பது பேங்க் சிட்டை ஒன்றுதான்.

எனக்கு எரிச்சல் பணத்தைப் பற்றி மட்டும் இல்லை. கினிகத்தேனை இறக்கத்தில் ட்ரம் பிரேக்கோடு இறங்குகிற கார் இது. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் ட்ரைவரின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்றும் பக்கத்தில் படம் முழுக்கக் கறுப்பு மை. வயரிங் படமும் அப்படித்தான். அதில் பிரவுண் வயருக்கு 'என்', நீலத்துக்கு 'யூ' என்று பொடி எழுத்தில் இருக்கும், இந்தக் கொப்பியில் எல்லாம் ஒரே புள்ளி. மைனர் கம்பனியிலிருந்து வந்தபோது பற்றரியின் பிளஸ் பக்கத்தைத்தான் காரின் உடம்போடு இணைத்திருந்தார்கள். இடையில் யாராவது மாற்றியிருந்தால், படம் தெளிவாக இல்லாமல் அதில் கை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

யாரிடம் வாங்கினாலும் அட்டைப் படத்தை நம்பாதீர்கள். முதலில் உங்கள் எஞ்சினில் உள்ள தகட்டைப் பாருங்கள்: '10எம்ஏ' என்று தொடங்கினால் 1098, '9எம்' என்றால் 948. பிறகு விற்பவரிடம் கிளட்ச் அளவு உள்ள பக்கம், முன் பிரேக் பக்கம், வயரிங் படம் மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். காரோடு வந்த சின்ன ஹேன்ட்புக்கை மெனுவல் என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. டயர் காற்று, எண்ணெய், கிரீஸ் நிப்பிள் எங்கே என்பதற்கு அது போதும். முன் சில்லு திரும்புகிற தூணுக்கு ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் அடிக்காவிட்டால் திருகு தேய்ந்து சில்லு மடிந்துவிடும். நம் வளைவுகளில் அது விளையாட்டில்லை, அதற்காகவே ஹேன்ட்புக்கும் ஒன்று வைத்திருக்கலாம். ஆனால் கியர்பொக்ஸைப் பிரிக்க அதில் ஒரு வரியும் கிடைக்காது.

போன கிழமை அதே ஆள் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் காருக்கும் மெனுவல் போட்டிருக்கிறார். புது நம்பர், ஆனால் புத்தகத்தை வைத்துப் படம் எடுத்த பூப்போட்ட மேசைத்துணி பழையதேதான். கேம்பிரிட்ஜ் வைத்திருக்கிற யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால் உள்பக்கங்களைப் படம் எடுத்துப் போடுங்கள்.