முதல் தலைமுறை எம்எஸ்எக்ஸ் 125: எஞ்சின் ஜாமாகி மீண்ட பிறகு என் மதிப்பீடு

எடுத்த எடுப்பில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஹோண்டா எம்எஸ்எக்ஸ் 125 என்ற சின்ன மோட்டார்சைக்கிள் பழைய வண்டியாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். எஞ்சின் போன வண்டி என்றால்கூட, சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கக் காசு கொடுத்து வாங்கும், காலவரம்புள்ள உரிமைச் சான்றிதழ்) நிறைய மீதமிருந்தால் யோசிக்கலாம். திறந்து பார்த்துச் செலவு செய்து, மறுபடி ஓட்டிக்கொண்டிருப்பவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

என்னுடையது 2013 இல் வெளிவந்த முதல் தலைமுறை. தாய்லாந்தில் தயாரானது. 12 அங்குலச் சக்கரம், நாலு கியர், 5.5 லிட்டர் டேங்க், கிட்டத்தட்ட 100 கிலோ எடை. நான் ஐந்தடி உயரம். பெரிய பைக்கில் ஒரு கால் நுனியை ஊன்றவே தடுமாறுவேன், இதில் இரண்டு பாதமும் தரையில் பதியும். வீடு செங்காங், வேலை சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பகுதி. காலை ஷிஃப்ட் என்றால் முதல் ரயில் கிளம்பும் முன்பே நான் உள்ளே இருக்க வேண்டும். அதனால் இந்த வண்டி எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

முந்தைய உரிமையாளர் சிஓஇயை 10 ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தார். வெளித்தோற்றம் சுத்தம், எண்ணெய் புதிது, சோதனை ஓட்டத்தில் சத்தம் எதுவும் இல்லை. சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஓர் அதிகாலை தெம்பனிஸ் விரைவுச்சாலையில், லோரோங் ஹாலுஸ் தாண்டியதும், முறுக்கினாலும் வேகம் ஏறவில்லை. எஞ்சினிலிருந்து வறண்ட கடகட சத்தம். அடுத்த சில நொடியில் பின்சக்கரம் பிடித்து இழுத்தது. கிளட்சை அழுத்தியதும் சக்கரம் விடுபட்டது, ஓரத்துப் பாதைக்கு உருட்டிக்கொண்டு வந்தேன். கையால் கிளட்ச் பிடிக்கிற வண்டியாக இருந்தது அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. எஞ்சின் பிடிக்கிற மாதிரி தெரிந்தால் முதலில் கிளட்சை அழுத்துங்கள், பிரேக் அப்புறம்.

விரைவுச்சாலைக் கண்காணிப்பு அமைப்பான இமாஸின் மீட்பு வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரைவுச்சாலையில் நின்றுபோன வாகனத்தை நிலப் போக்குவரத்து ஆணையம் காசு வாங்காமல் அருகிலுள்ள குறிப்பிட்ட கார்நிறுத்துமிடம் வரை கொண்டுபோய் விடும். வந்தவர் வண்டியைக் கவனமாகக் கட்டி ஏற்றி இறக்கினார். அங்கிருந்து பட்டறைக்கு நம் செலவு.

முதலில் விசாரித்த இடத்தில் வண்டியைப் பார்க்காமலேயே "எஞ்சின் மாத்திடலாம்" என்று ஒரு தொகை சொன்னார்கள். பழைய எஞ்சின் ஒன்று தயாராக இருக்கிறதாம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. எந்த வண்டியிலிருந்து கழற்றியது, எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. எஞ்சின் எண் வாகனப் பதிவிலும் இருக்கிறது, மாற்றினால் ஆணையத்தின் அனுமதி, ஆவணம் என்று தனி வேலை. என்ன போயிருக்கிறது என்றே தெரியாமல் முழு எஞ்சினையும் எதற்குத் தூக்கி எறிய வேண்டும்?

பிறகு காக்கி புக்கிட்டில் ஓர் அண்ணனிடம் போனேன். சிறிய பட்டறை, இரண்டே லிஃப்ட். விலை கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "திறக்காம எப்படிம்மா விலை சொல்றது? திறந்து காட்டுறேன். நீயே பாத்துட்டு முடிவு பண்ணு." திறந்து பார்க்க ஒரு சிறு கூலி, வேலையை அங்கேயே செய்தால் அது கழிந்துவிடும். எனக்கு நியாயமாகப் பட்டது.

திறக்கும் நாளில் பக்கத்திலேயே நின்றேன். முதலில் எண்ணெயை வெள்ளைத் தட்டில் இறக்கினார். இந்த எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றும்போது 0.9 லிட்டர் ஊற்ற வேண்டும். வந்தது அதில் பாதிகூட இல்லை, கறுப்பாக, வெளிச்சத்தில் மினுமினுவென்று. அண்ணன் ஒரு காந்தத்தை அதற்குள் விட்டு எடுத்தார். நுனியில் மெல்லிய சாம்பல் படலம் மட்டும் ஒட்டியது, மினுமினுப்பு அப்படியே தட்டில் கிடந்தது. "காந்தத்துல ஒட்டாதது அலுமினியம். அது பிஸ்டன். பெரிசா ஏதாவது ஒட்டியிருந்தா கிராங்க்கைப் பத்திக் கவலைப்படணும்." கிராங்க் என்றால் பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கி, பிஸ்டன் ஓடுகிற பிளாக்கை உருவியதும் அவர் சொன்னது தெரிந்தது. பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை கீறல், பிளாக்கின் உள்சுவரிலும் அதே இடத்தில் கோடுகள். நகத்தை வைத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். மாட்டியது. நகம் மாட்டினால் அந்தச் சுவர் தேறாது. மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் சுற்றுகிற பேரிங்கைக் கையில் கொடுத்துத் திருப்பச் சொன்னார். மணல் விழுந்த மாதிரி கரகரத்தது.

ஆனால் காரணம் கிடைத்தது வலதுபக்க மூடியைக் கழற்றிய பிறகுதான். முதல் தலைமுறை எம்எஸ்எக்ஸில் காரில் இருப்பதுபோல் மாற்றுகிற எண்ணெய் ஃபில்டர் கிடையாது. கீழே ஒரு கம்பிவலை, கிராங்க்கின் வலது முனையில் ஒரு சுழல் ஃபில்டர், அவ்வளவுதான். எஞ்சின் சுற்றும்போது எண்ணெயிலிருக்கும் உலோகத் துகளை அது வெளிவிளிம்புக்குத் தள்ளிப் பிடித்துவைக்கும். மூடியைக் கழற்றாமல் அதைத் துடைக்க முடியாது. எண்ணெய் மட்டும் மாற்றிவிட்டுப் போகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை. என் வண்டியில் அந்தக் குழி முழுக்கச் சாம்பல்நிறச் சேறு இறுகிக் கிடந்தது, அண்ணன் திருப்புளி நுனியால் சுரண்டித்தான் எடுத்தார். வலையும் பாதி அடைப்பு. வாங்கும்போது எண்ணெய் புதிதாக இருந்ததற்கும் எஞ்சினுக்குள் இருந்த நிலைமைக்கும் சம்பந்தமே இல்லை. அடைப்பு ஒருபக்கம், எஞ்சின் எண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது மறுபக்கம். இந்த வண்டியில் எண்ணெய் குறைந்தால் எரிகிற விளக்கும் கிடையாது.

இனி கிராங்க். பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கான்ராடை உச்சிக்குக் கொண்டுவந்து, இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். அசையவில்லை. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்தது, அது இருக்க வேண்டியதுதானாம். மேலும் கீழும் துளி ஆட்டம் இருந்தாலும் கிராங்க்கையே பிரித்து, பிரஸ் வைத்து பேரிங் மாற்றி, நேர்பார்த்து அடிக்க வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும். நான் தப்பித்தது அந்த ஓர் இடத்தில்தான். ஆகவே எஞ்சினின் மேல்பாதியை மட்டும் புதுப்பிக்கும் டாப் ஓவர்ஹால் போதும் என்று முடிவானது.

பிளாக்கைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாமா என்று கேட்டேன். 143 சிசி, 181 சிசி கிட்டெல்லாம் கிடைக்கிறது என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்லியிருந்தார்கள். அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். பதிவில் 125 என்று இருக்கும் வண்டியில் கொள்ளளவை ஏற்றினால் சட்டப்படி சிக்கல், வருடாந்திரச் சோதனைக்குப் போகும்போது பயம், காப்புறுதியும் கேள்விக்குறி. மூன்று வயதைத் தாண்டிய மோட்டார்சைக்கிளுக்கு இங்கே ஆண்டுதோறும் சோதனை உண்டு. காற்றால் குளிரும் சின்ன எஞ்சினைத் தினமும் விரைவுச்சாலையில் ஓட்டுகிற எனக்கு வேகத்தைவிட ஆயுள்தான் முக்கியம். ஆகவே அதே அளவில் அசல் பிளாக், பிஸ்டன், ரிங், கேம் பேரிங், கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போட்டோம். கூலியோடு 780 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆனது.

இந்தத் தொகையை சிஓஇயோடு வைத்துப் பார்த்தால்தான் அர்த்தம் புரியும். 2022 நவம்பரில் மோட்டார்சைக்கிள் சிஓஇ 13,000 வெள்ளியைத் தாண்டியது. நம் ஊரில் பழைய பைக்குக்கு நாம் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி இரும்புக்கு இல்லை, மீதமிருக்கும் ஆண்டுகளுக்கு. எஞ்சின் போய்விட்டது என்று வண்டியைக் கழித்துக்கட்டியிருந்தால், அதே மாதிரி இன்னொன்றுக்கு அந்த ஆண்டுகளை மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டும். சிஓஇ ஓர் ஆண்டோ இரண்டோதான் மீதம் என்றால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

பட்டறையில் குறைகள் இல்லாமல் இல்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் வர ஒரு நாள் ஆகும். உட்கார நாற்காலி கிடையாது. பிளாக் தாய்லாந்திலிருந்து ஜோகூர் வழியாக வந்து சேர, அவர் சொன்ன நாளைவிடத் தாமதமானது. அதுவரை ஷிஃப்டுக்கு வாடகை வண்டியில் போன செலவு தனி. ஆனாலும் கழற்றிய பாகங்கள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார், ஒவ்வொரு புதுப் பாகத்தின் பெட்டியையும் என் முன்னால்தான் பிரித்தார். இன்றைக்கு எத்தனை பட்டறையில் இதைச் செய்கிறார்கள்?

முதல் 500 கிலோமீட்டருக்கு முழுசாக முறுக்கக் கூடாது, ஒரே வேகத்திலும் ஓட்டக் கூடாது என்றார். விரைவுச்சாலையை விட்டுவிட்டு லோயாங் வழியாகச் சுற்றிப் போனேன். சீக்கிரமே ஒருமுறை எண்ணெய் மாற்றினோம், லேசான மினுமினுப்பு இருந்தது. அடுத்த முறை சுத்தம். இப்போது காலையில் ஒரே அழுத்தில் கிளம்புகிறது, சமவேகத்தில் பழைய அதிர்வு இல்லை. மேம்பாலம் ஏறும்போது மட்டும் மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டும், அது 125க்கு உள்ள இயல்பு.

பழைய எம்எஸ்எக்ஸ் வாங்கப் போகிறவர்கள் எண்ணெயின் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சுழல் ஃபில்டரைக் கடைசியாக எப்போது துடைத்தார்கள் என்று கேளுங்கள். விற்பவர் முழித்தால், வாங்கியதும் வலதுபக்க மூடியைக் கழற்றும் செலவை விலையில் குறைத்துப் பேசுங்கள். 2021 முதல் வந்த புதிய தலைமுறையில் ஐந்து கியர், மாற்றக்கூடிய ஃபில்டர் இரண்டும் உண்டு, விலை கட்டுப்படியானால் அதைப் பாருங்கள். எண்ணெய் அளவைப் பக்க ஸ்டாண்டில் சாய்த்துப் பார்க்காமல், வண்டியை நேராக நிறுத்தி, குச்சியைத் திருகாமல் வெறுமனே செருகிப் பார்க்க வேண்டும். கார் எண்ணெய் வேண்டாம், கிளட்ச் எண்ணெயிலேயே ஊறுவதால் வழுக்கும். ஜேஏஎஸ்ஓ எம்ஏ (கிளட்ச் எண்ணெயில் ஊறும் பைக்குகளுக்கான தரக்குறி) என்று போட்ட 10டபிள்யூ-30 போதும்.

பட்டறையின் பெயரைப் போடவில்லை. கேட்டதற்கு அண்ணனே வேண்டாம் என்றார், இருக்கிற வேலைக்கே கை போதவில்லையாம். காக்கி புக்கிட் பக்கம் போனால், விலை சொல்லும் முன் எஞ்சினைத் திறக்க வேண்டும் என்று யார் சொல்கிறாரோ அவரிடம் வண்டியை விடுங்கள்.