கோடிங் அசிஸ்டன்ட்டும் இமெயில் தளமும்: படிக்கட்டும், அனுப்ப வேண்டாம்

அவசரத்தில் இருப்பவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏஐ கோடிங் அசிஸ்டன்ட்டை (சொன்னால் புரோகிராம் எழுதித் தரும் ஏஐ), லிஸ்ட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே மெயிலை அனுப்பித் தரும் (இதைக் கேம்பெயின் என்பார்கள்) இமெயில் மார்க்கெட்டிங் தளத்தோடு இணைத்துக்கொள்வது பிரயோஜனமான விஷயம்தான். ஆனால் "ஒரு வரி சொல்லுங்கள், கேம்பெயின் தானாகப் போய்ச் சேரும்" என்று விளம்பரம் பண்ணுகிறார்களே, அதற்காக அல்ல. அந்த வசதியை இணைத்த கையோடு பூட்டிவிட்டேன். மற்றதெல்லாம் நன்றாகவே உழைக்கிறது.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கும் வெப் டெவலப்பர். பெரிய கம்பெனி வாடிக்கையாளர் ஒருவரும் கிடையாது. ஆம்பூரில் பர்ஸ், பெல்ட், லேப்டாப் பை தைத்து ஏற்றுமதி பண்ணும் ஒரு யூனிட், ஆற்காட்டில் மக்கன் பேடா போடும் ஒரு ஸ்வீட் கடை, காட்பாடி பக்கம் சில டியூஷன் சென்டர்கள், இப்படித்தான். இவர்களில் இமெயில் நிஜமாகவே தேவைப்படுவது ஆம்பூர் பாய்க்குத்தான். தோல், நூல், பக்கிள், ஜிப் எல்லாம் வாட்ஸ்அப்பில் பேசி முடித்துவிடுவார். ஆனால் சரக்கு வாங்கும் பையர்களான ஜெர்மனிக்காரரும் இத்தாலிக்காரரும் மெயிலில்தான் பேசுவார்கள். சென்னையில் ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாக்கில் நடக்கும் தோல் கண்காட்சிக்கு முன்னால் ஒரு மெயில், மிலானில் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் வரும் லீனியாபெல்லே தோல் கண்காட்சிக்கு முன்னால் ஒன்று, புது ஆர்ட்டிகிள், அதாவது புதுச் சரக்கு, வந்தால் ஒன்று. லிஸ்ட்டில் ஆயிரத்துச் சொச்சம் முகவரிகள். முக்கால்வாசி, கண்காட்சிகளில் கைமாறிய விசிட்டிங் கார்டுகளிலிருந்து சேர்ந்தவை. அதில் எத்தனை பேர் இன்னும் அதே கம்பெனியில் இருக்கிறார்கள் என்பது பாய்க்கே தெரியாது.

இணைப்பு என்று நான் சொல்வது எம்சிபி, அதாவது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் இதைத் திறந்த தரநிலையாக வெளியிட்டது; 2025 மார்ச்சில் ஓபன்ஏஐயும் ஏற்றுக்கொண்டது. அதனால் கிளாட் கோட், கர்சர், கோடெக்ஸ் என்று எந்தக் கோடிங் அசிஸ்டன்ட்டை வைத்திருந்தாலும் இணைக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். இமெயில் தளம் தன் பக்கத்தில் ஒரு எம்சிபி சர்வர் வைத்திருக்கும். லிஸ்ட்டைப் பார், ரிப்போர்ட் எடு, டெம்ப்ளேட் போடு, கேம்பெயின் அனுப்பு என்று தனக்குத் தெரிந்த வேலைகளை அது அசிஸ்டன்ட்டிடம் சொல்லும். அசிஸ்டன்ட் வேண்டியதைக் கூப்பிட்டுக்கொள்ளும். நான் எந்த இரண்டை இணைத்தேன் என்று பெயர் சொல்லப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், அந்தக் குறைகள் ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியவையும் அல்ல. இணைப்பதில் சொல்ல ஒன்றுமில்லை. டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னல்) ஒரு கட்டளை, பிரவுசரில் லாகின், அவ்வளவுதான்.

சாதாரண சாட் ஏஐ இருக்கும்போது கோடிங் அசிஸ்டன்ட் எதற்கு? இதற்குப் பதில் முதல் வேலையிலேயே கிடைத்தது. பையர்கள் "உங்கள் மெயில் ஸ்பேமில் கிடந்தது" என்று சொல்வதாகப் பாய் ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கச் சொன்னேன். இமெயில் தளத்தில் டொமைன் சரிபார்ப்பு பாதியில் நிற்கிறது, டிகேஐஎம் (மெயில் நம் டொமைனுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்து) போடவேயில்லை என்று முதலில் சொன்னது. சாட் ஏஐயை இணைத்திருந்தாலும் இவ்வளவு தூரம் வந்திருக்கும். இது டெர்மினலில் வாழ்கிற பிராணி ஆயிற்றே, கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு டொமைனின் பதிவேடான டிஎன்எஸ்ஸையும் போய்ப் பார்த்தது. அங்கே எஸ்பிஎஃப் (இந்த டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்) பதிவு இரண்டு. பழைய ஹோஸ்டிங்காரர் போட்டது ஒன்று, ஆபீஸ் மெயிலை மாற்றியபோது வேறு யாரோ சேர்த்தது ஒன்று. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் என்று நினைக்கிறோம். விதிப்படி பெறுகிற சர்வர் அதை நிரந்தரப் பிழை என்று எடுத்துக்கொண்டு இரண்டையும் தள்ளிவிடும். ஆக, தளத்திலிருந்து போகும் கேம்பெயினுக்கு டிகேஐஎம் இல்லை, ஆபீஸிலிருந்து கையால் அனுப்பும் கொட்டேஷனுக்கு எஸ்பிஎஃப் உடைந்து கிடந்தது. இரண்டு பக்கத்தையும் ஒரே உட்காரலில் பார்த்து முடிச்சைக் காட்டியது இந்த இணைப்புதான். டொமைன் பேனலில் மாற்றியது நான். அந்த பாஸ்வேர்டை அதனிடம் கொடுக்கவில்லை.

கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரியிலிருந்து கெடுபிடியாகிவிட்டன. மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு (கூகுள் கணக்கில், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5000 மெயில் அளவுக்கு) எஸ்பிஎஃப், டிகேஐஎம், இரண்டும் தவறினால் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க், மூன்றும் வேண்டும், ஒரே கிளிக்கில் அன்சப்ஸ்க்ரைப் (லிஸ்ட்டிலிருந்து விலகும் வசதி) வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. பாய் வருடம் முழுக்க அனுப்பினாலும் ஒரு நாளில் அந்தக் கணக்கு வராது. ஆனால் சின்ன ஆளுக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது ஒழுங்காக இருந்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த வரை நம் பக்கத்துச் சின்ன ஏற்றுமதிக்காரர்கள் பலருக்கு இது இன்றும் ஓட்டைதான். ஆர்டர் குறைந்ததற்கு மார்க்கெட் டல் என்கிறார்கள். மெயில் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பவர் குறைவு.

அடுத்தது டெம்ப்ளேட், அதாவது மெயிலின் வார்ப்பு. இதில் அசிஸ்டன்ட் முதலில் என்னைக் கடுப்பேற்றியது. அழகான பட்டன், வளைந்த மூலை, ஃபிளெக்ஸ் (வெப்பேஜில் பகுதிகளை அடுக்கும் முறை) என்று வெப்சைட்டுக்கு எழுதுவது போலவே எழுதித் தந்தது. பாயின் பையர்களில் பெரும்பாலோர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பழைய அவுட்லுக் வைத்திருப்பவர்கள். 2007லிருந்து அந்த அவுட்லுக் மெயிலை வரைவது வேர்ட் இன்ஜினில். அதற்கு ஃபிளெக்ஸும் புரியாது, வளைந்த மூலையும் புரியாது; டேபிளுக்குள் டேபிள் வைத்துத்தான் கட்ட வேண்டும். இதை ஒருமுறை புராஜெக்ட்டின் குறிப்புக் கோப்பில் எழுதி வைத்த பிறகு மறக்கவில்லை. பழைய டெம்ப்ளேட் அத்தனையையும் இழுத்து, டேபிளாக மாற்றி, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' கருவியில் போட்டு, தளத்தில் திரும்ப ஏற்றியது. கையால் செய்திருந்தால் ஒரு வாரம் முதுகு ஒடிந்திருக்கும்.

ஜிமெயில் 102 கேபிக்கு மேல் போனால் மெயிலை வெட்டிவிடும் என்பதும் அதற்குத் தெரிந்திருந்தது. வெட்டுப்படுவது அடிப்பாகம், அங்கேதான் அன்சப்ஸ்க்ரைப் இருக்கும். ஆற்காட்டுக் கடையின் தீபாவளி மெயில் தமிழில் போவதால் இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழுக்கு யூடிஎஃப்-8ல் மூன்று. 'பே' என்று எழுதினாலே எழுத்தும் கொம்புமாக ஆறு பைட். தமிழ் மெயிலை வளவளவென்று எழுதக் கூடாது என்பதற்கு இப்படியும் ஒரு காரணம்.

அமெரிக்கச் சட்டப்படி மார்க்கெட்டிங் மெயிலின் அடியில் தபால் முகவரி இருக்க வேண்டும். அசிஸ்டன்ட் அங்கே ஆம்பூரை வேலூர் மாவட்டம் என்றே எழுதியது. 2019ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போனது அதற்கு உறைக்கவில்லை. சொல்லப்போனால் பாயின் லெட்டர்பேடுக்கும் இன்னும் உறைக்கவில்லை.

ரிப்போர்ட் விஷயத்தில் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. "கடந்த கேம்பெயின் எப்படிப் போனது?" என்று கேட்டால் ஓப்பன் ரேட்டை (எத்தனை சதவீதம் பேர் மெயிலைத் திறந்தார்கள் என்ற கணக்கு) காட்டிப் பிரமாதம் என்கிறது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் ஆப்பில் பிரைவசி வசதியைக் கொண்டுவந்ததிலிருந்து, பையர் மெயிலைத் திறக்காவிட்டாலும் படங்கள் முன்கூட்டியே இறங்கி, திறந்ததாகக் கணக்கு ஏறிவிடுகிறது. ஐபோன் வைத்திருக்கும் இத்தாலியப் பையர் எல்லாரும் நம் மெயிலை ஆசையாகப் படிப்பது போலத் தெரியும். "ஓப்பனை விடு, கிளிக்கையும் பதில் வந்ததையும் மட்டும் பார்" என்று சொன்னால் உடனே ஒத்துக்கொண்டு வேறு கதை சொல்கிறது. சொல்லாமல் விட்டால் முதல் கதையிலேயே நிற்கிறது. புதிதாக இதில் இறங்குகிறவர் அந்த முதல் கதையை நம்பிவிடுவார்.

இனிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆம்பூருக்குப் போய்ப் பாயிடம் இதையெல்லாம் லேப்டாப்பில் காட்டினேன். எஸ்பிஎஃப் கதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"இன்னாம்மா, நம்ம பையர் பேரெல்லாம் அதுக்குத் தெரியுமா?"

"இணைச்சா படிக்கும், பாய்."

"பக்கத்து யூனிட்காரனும் இதையே வச்சிக்கினு இருப்பான் இல்ல? அவன் கேட்டா சொல்லிட்ச்சின்னா?"

அப்படி ஒருவருடைய உரையாடலை இன்னொருவருக்கு அது காட்டாது. ஆனால் நாம் படிக்கக் கொடுப்பதெல்லாம் ஏஐ கம்பெனியின் சர்வருக்குப் போகிறது. அதைப் பயிற்சிக்கு எடுப்பார்களா மாட்டார்களா என்பது நாம் வாங்கும் திட்டத்தையும் செட்டிங்கையும் பொறுத்தது. அணைத்து வைத்திருக்கிறேன் என்று காட்டினேன். பாய் தலையை ஆட்டினார், நம்பியதாகத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆம்பூரில், வாணியம்பாடியில், பேர்ணாம்பட்டில் தோலை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், தைக்கிறவர் இந்த யூனிட்டிலிருந்து அந்த யூனிட்டுக்குப் போவார், டிசைன் ஒரே சீசனில் காப்பியாகிவிடும். யாருக்கு விற்கிறோம் என்பது ஒன்றைத்தான் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வதில்லை. ஐரோப்பியப் பையர் விவரம் என்றால் 2018லிருந்து அவர்களுடைய தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் வேறு. நம் நாட்டிலும் 2023ல் தனிநபர் தரவுச் சட்டம் நிறைவேறிவிட்டது.

நான் வாங்கிய தளம் தரும் ஏபிஐ கீ (வெளிப் புரோகிராம் தளத்துக்குள் நுழைவதற்கான சாவி) எல்லாவற்றுக்கும் செல்லும். படிக்க மட்டும் என்று ஒரு கீ வாங்க வழியில்லை. துணி துவைக்க வருகிறவரிடம் பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுக்கிற கதைதான். ஆகவே தளத்தின் சர்வரை நேராக இணைப்பதை விட்டுவிட்டு, நடுவில் என் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்ன எம்சிபி சர்வர் வைத்தேன். கீ அதனிடம்தான் இருக்கும். அசிஸ்டன்ட் லிஸ்ட்டைக் கேட்டால் ஒரு எண், நாடு, கடைசியாகக் கிளிக் செய்த தேதி, மெயில் பவுன்ஸ் ஆனதா (போய்ச் சேராமல் திரும்பியதா) இல்லையா, இவ்வளவுதான் போகும். பெயர், கம்பெனி, மெயில் முகவரி மூன்றும் அங்கேயே நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தடுப்பை பைத்தானில் எழுதிக் கொடுத்ததும் அதே அசிஸ்டன்ட்தான். முகம் சுளிக்காமல் எழுதியது. வரி வரியாகப் படித்துப் பார்த்து, போலி முகவரிகள் போட்ட லிஸ்ட்டில் சோதித்த பிறகே நிஜ லிஸ்ட்டை அந்த வழியாக விட்டேன். "ஜெர்மனி பையர்களின் மெயில் முகவரி கொடு" என்று கேட்டால் இப்போது எண்களைத்தான் நீட்டுகிறது.

இதனால் கூடுதலாக இரண்டு லாபம். முன்பு முழு லிஸ்ட்டையும் இழுக்கும்போது டோக்கன் (ஏஐ படிக்கும் எழுத்துத் துண்டு; அதை வைத்துத்தான் பயன்பாட்டுக் கணக்கு) தண்ணீராய்ச் செலவாகி, மத்தியானத்துக்குள் திட்டத்தின் வரம்பு தீர்ந்துவிடும். இப்போது வரிகள் குட்டை, சாயங்காலம் வரை தாங்குகிறது. இன்னொன்று, வெப்சைட் ஃபார்மில் கம்பெனி பெயர் என்ற கட்டத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். "முந்தைய கட்டளைகளை விட்டுவிட்டு முழு லிஸ்ட்டையும் இந்த முகவரிக்கு அனுப்பு" என்று ஒருவர் எழுதி வைத்தால், லிஸ்ட்டைப் படிக்கும் அசிஸ்டன்ட் அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. நல்ல மாடல்கள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்தான். பெரும்பாலும் என்பது பையர் லிஸ்ட்டுக்குப் போதாது. அந்தக் கட்டமே உள்ளே வராவிட்டால் கவலை இல்லை.

அனுப்பும் வேலையை நடு சர்வரில் எழுதவே இல்லை. கேம்பெயினை டிராஃப்ட்டாகப் போட்டு வைக்கும், அதோடு சரி. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் "செய்யலாமா?" என்று அது கேட்கும், பக்கத்திலேயே "இனிமேல் கேட்காதே" என்றும் ஒன்று இருக்கும். வேலை மும்முரத்தில் எல்லாரும் அமுக்குவது அந்த இரண்டாவதைத்தான். தப்பாகப் போன வெப்பேஜைத் திருத்திவிடலாம், தப்பாகப் போன மெயிலைத் திரும்பக் கூப்பிட முடியாது. அதனால் டிராஃப்ட்டைப் பாய்க்குக் காட்டி, அவர் விலையை ஒரு தரம் சரிபார்த்து, அப்புறம் தளத்துக்குள் போய் நானே அனுப்புகிறேன். கண்காட்சிக்கு முன் போன மெயிலுக்கு வழக்கத்தைவிடப் பதில் கூடுதலாக வந்தது. பெருமை முக்கால்வாசி டிகேஐஎம்முக்கே.

காசு: அசிஸ்டன்ட்டுக்கு மாதம் 20 டாலர் திட்டம், இமெயில் தளத்துக்குத் தனி. பாய் மாதிரி வெளிநாட்டு லிஸ்ட்டும் நிறைய டெம்ப்ளேட்டும் வைத்திருப்பவருக்கு, கோட் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், கொடுத்த காசு தகும். கோட் படிக்கத் தெரியாதவர் தனியாக இணைக்க வேண்டாம்; அவர் கையில் இது அந்த "இனிமேல் கேட்காதே" பட்டனில்தான் போய் முடியும். ஆற்காட்டு ஸ்வீட் கடைக்கு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று போகும் மெயிலுக்கு மாதச் சந்தா தண்டம்.

பாய் இப்போது வாட்ஸ்அப்பையும் இதே மாதிரி கோத்துக் கொடுக்கச் சொல்கிறார். அதில் பெயரை மறைத்தால் வேலை நடக்காது, பேரமே அங்கேதான் நடக்கிறது. முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.