ரெடிங் கேடியும் செல்லூர்க் கூடையும்

பிள்ளைக்கு நான்கு மாதம் முடிந்ததும் ஊருக்குக் கிளம்பினோம். ஹீத்ரோவில் ஏறிக் கொழும்பில் விமானம் மாறினால், அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் மதுரை. சென்னையில் இறங்கி இன்னொரு ராத்திரிப் பயணம் போவதைவிடக் கைப்பிள்ளைக்காரர்களுக்கு இந்த வழி தேவலை. பிள்ளை விமானத்தில் அழவில்லை, நான்தான் அழாத குறை. அதை விடுங்கள். சொல்ல வந்தது ஒரு பெட்டியைப் பற்றி.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், ரெடிங்கில். அங்கே பிள்ளை பிறந்த வீடுகளில் 'நாப்பி கேடி' என்று ஒன்றைப் பார்க்கலாம். சாம்பல் நிற ஃபெல்ட் துணியில் செய்த மூடியில்லாத பெட்டி. நீளம் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலே, உயரம் ஒரு சாண், இரண்டு பக்கமும் கைப்பிடி. உள்ளே ஒட்டி எடுக்கிற தடுப்புகள், வெளியே சின்னச் சின்னப் பைகள். டயப்பர், ஈரத் துடைப்பான், களிம்பு, மாற்றுச் சட்டை, விரித்துப் படுக்க வைக்க ஒரு மடிப்பு விரிப்பு எல்லாம் அதில் அடங்கிவிடும். அங்கே படுக்கையறை மாடியில், ஹால் கீழே. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கையில் பிள்ளை, மறு கையில் கேடி என்று படி இறங்கலாம். அதன் பயன் அவ்வளவுதான், ஆனால் அந்த இரண்டு மணிக்கு அது பெரிய விஷயம். பிள்ளை பிறந்த புதிதில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு டயப்பர் ஆகும். நான்கு மாதத்தில் ஏழெட்டாகக் குறைந்திருந்தது.

டயப்பர் மாற்றுவது எங்கள் வீட்டில் என் வேலை. செல்லூரில் அம்மா வீட்டு வாசலில் இறங்கி, "கேடி எங்கே, கேடியை எடு" என்று நான் மனைவியிடம் கத்தியதும் அம்மா மிரண்டுவிட்டார். "யாருடா கேடி? யாரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் பெயர் இருக்கிற ஆள். பெட்டியைக் காட்டி விளக்கினேன். "பீத்துணி வைக்கிறதுக்கா இம்புட்டு அலங்காரம்?" என்றார் அப்பத்தா. அதற்கு மேல் சின்னம்மாவுக்கு, ஆம்பளப்பிள்ளை துணி மாற்றுவதைப் பார்க்கவே நேரம் போதவில்லை. தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டாததுதான் பாக்கி.

மூன்றே நாளில் கேடியின் சாயம் வெளுத்தது. முதலில் தேங்காய் எண்ணெய். 24 டிகிரி வாக்கில் அது உருகிவிடும். ரெடிங்கில் எங்கள் வீட்டில் அது எப்போதும் வெண்ணெய் மாதிரி உறைந்தே கிடக்கும். வழித்துத் தடவிப் பழகிய ஜாடி, மூடி சரியாக இறுகுகிறதா என்று பார்த்ததே இல்லை. மதுரை ஆவணி வெயிலில் அது தண்ணீராக உருகிக் கேடியின் அடிவரை இறங்கிவிட்டது. ஃபெல்ட் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும், விடாது. துவைத்தேன். காய ஒன்றரை நாள் ஆனது, காய்ந்த பிறகு நாலு பக்கமும் தொய்ந்து குடித்தவன் மாதிரி சாய்ந்து நின்றது. மறுநாள் காலை அதற்குள் எறும்பு வரிசை. கக்கிய பால் பட்ட ஒரு சட்டை உள்ளே இருந்திருக்கிறது.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது. அந்தப் பெட்டி டயப்பருக்கு அளவெடுத்தது, அம்மா வீட்டிலோ பகலில் டயப்பருக்கு இடமே இல்லை. தாத்தா இறந்த பிறகு அவருடைய வேட்டிகளை அப்பத்தா பத்திரமாக வைத்திருந்தார், நாங்கள் வருவதற்கு முன்பே அவற்றைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வெந்நீரில் அலசி வைத்துவிட்டார். "பழந்துணிதான் பிள்ளைக்கு உறுத்தாது. பகல்ல காத்தாட விடுங்க, ராத்திரிக்கு மாட்டிக்கங்க அந்தப் பேம்பர்ஸ." நான் மறுக்கவில்லை. இரண்டு வாரமாகத் தொடை இடுக்கில் சிவந்து கிடந்தது நாலு நாளில் அடங்கியது. ஆனால் ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது துணி. மடித்த துணி கேடியில் ஐந்தாறுக்கு மேல் போகாது. நனைந்த துணிக்கு அதில் இடமே கிடையாது, ஏனென்றால் நனைந்ததைத் தூக்கிப் போடுவது என்பதுதான் அதன் கணக்கு.

சரி, இங்கேயே ஒன்று வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். மதுரைக் குழந்தைப் பொருள் கடைகளில் 'டயப்பர் பேக்' என்று கேட்டால் முதுகில் மாட்டுகிற பையைக் காட்டுகிறார்கள். நிறைய இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் அது வெளியே போவதற்கு. வீட்டுக்குள் ஹாலிலிருந்து மாடிக்கும் திண்ணைக்கும் அங்கிட்டும் இங்கிட்டும் தூக்கிக்கொண்டு அலைவதற்கு, ஜிப்பைத் திறந்து உள்ளே தலையை விட்டுத் தேடுகிற பை உதவாது. ஒரு கையில் பிள்ளையின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்திருக்கும்போது மறு கைக்குத் தானாக அகப்பட வேண்டும். ஒரு கடையில் சக்கரம் வைத்த மூன்றடுக்குப் பிளாஸ்டிக் தள்ளுவண்டியைக் காட்டினார்கள். எங்கள் வீட்டு நிலைப்படியின் உயரம் அவர்களுக்குத் தெரியாது.

ஆன்லைனிலும் ஒன்று வரவழைத்தேன். மூன்றாம் நாளே வந்துவிட்டது. படத்தில் யானைக்குட்டி அளவு, கையில் எலிக்குட்டி. அளவைச் சென்டிமீட்டரில் போட்டிருந்ததை அங்குலப் பழக்கத்தில் கவனிக்காமல் விட்டது என் தப்பு. தைத்த தடுப்பு ஒன்று பிரிந்திருந்தது அவர்கள் தப்பு. திருப்பி எடுக்க வந்த தம்பி வாசலிலேயே சரிபார்த்து வாங்கிக்கொண்டார், நாலாம் நாள் பணமும் வந்தது. இந்தச் சேவையில் ஊர் எங்களைவிட வேகம், ஒப்புக்கொள்ள வேண்டும்.

இடையில் ஒரு சொல், டயப்பர் அளவைப் பற்றி. அங்கே அட்டையில் எண் போட்டிருக்கும். இங்கே எஸ், எம், எல். எண்ணையும் எழுத்தையும் ஒப்பிடாதீர்கள், பிள்ளையின் எடையைப் பாருங்கள். எங்கள் பிள்ளை ஆறரைக் கிலோ. அங்கே மூன்றாம் எண், அதாவது 6 முதல் 10 கிலோ. இங்கே எஸ், 4 முதல் 8 கிலோ. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் ஜட்டி மாதிரி மாட்டுகிறதுதான் கிடைக்கும். பக்கவாட்டில் ஒட்டுகிற வகை வேண்டுமென்றால் நாலு கடை ஏறி இறங்க வேண்டும். ஒட்டுகிற வகைக்குப் பழகிய அப்பாக்கள் கொஞ்சம் ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது.

தீர்வு எதிர்வீட்டிலிருந்து வந்தது. அந்த அக்கா மத்தியானத்தில் ஒயர் கூடை பின்னுகிறவர். எண்ணெய் குடித்துச் சாய்ந்து நின்ற கேடியைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி மண்டைய உடைக்கிறீங்களே தம்பி, மூணு ரோல்ல ஒரு கூடை போட்டுத் தர்றேன்" என்றார். ஒயர் கூடையை ரோல் கணக்கில்தான் சொல்வார்கள், எத்தனை ரோல் ஒயர் பிடிக்கிறதோ அது அளவு. பக்கத்தைச் சிவன் கண் முடிச்சில் போடலாமா என்று கேட்டார். கண் கண்ணாக இடைவெளி விழும், காற்றோட்டம் வரும், ஆனால் சின்னச் சாமான் நழுவும். அடியையும் கீழ்ப்பாதியையும் சாதா முடிச்சில் நெருக்கமாக, மேல்பாதியை மட்டும் சிவன் கண்ணில் என்று முடிவானது. நான் கவலைப்பட்டது ஒயர் நுனி பற்றி. நான்கு மாதத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிள்ளை பற்றுகிறது. நுனிகளை முடிச்சுக்குள் இழுத்துச் செருகிவிட்டு, தன் உள்ளங்கையால் கூடை முழுவதும் தடவிக் காட்டினார். மூன்று நாளில் கூடை தயார். பச்சையும் மஞ்சளும், கண்ணைப் பறிக்கிற நிறம். ஒயரோடு சேர்த்து 600 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

கூடைக்கு உள்பை தைக்கக் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் பள்ளிக்கூடச் சட்டை அங்கே தைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடைகளைச் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தூணில் சிற்பம், கீழே மெஷின் சத்தம் என்ற அந்தக் காட்சி போனதில் எனக்கு வருத்தம்தான். மண்டபத்துக்கு அது நல்லது என்பதும் தெரிகிறது.

நான் பிடித்த தையற்காரருக்கு அறுபது வயதிருக்கும். சித்திரையில் அழகருக்காக வேஷம் கட்டுகிறவர்களுக்கு உடுப்புத் தைப்பவர். "பங்குனியில வந்திருந்தா உங்களப் பாக்கவே மாட்டேன் தம்பி" என்றார். ஆவணியில் கை கொஞ்சம் ஓய்வாக இருந்தது. படம் வரைந்து கொண்டு போயிருந்தேன், அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாமான எடுத்து வைங்க." மெஷின் பலகையில் டயப்பர், துடைப்பான் பொட்டலம், களிம்பு டியூப், எண்ணெய் பாட்டில், மடித்த வேட்டித் துணி எல்லாவற்றையும் பரப்பி ஒவ்வொன்றாக டேப் வைத்தார்.

பைகளின் வாய்க்கு எலாஸ்டிக் போடச் சொன்னேன். "வேணாம். ரெண்டு மாசத்துல தொளதொளன்னு ஆயிரும். மடிப்பு வச்சுத் தர்றேன், கை போறப்ப விரியும், எடுத்தா அமுங்கிரும்." காடாத் துணியில் சுற்றிலும் ஆறு பை. அடிக்கு மட்டும் ரெக்சின், எண்ணெய் சிந்தினால் துடைக்க. நடுவில் தடுப்பில்லாத இடம், துணி அடுக்க. விளிம்பு கூடையின் வாயை மூடி வெளியே நாலு விரல் மடிந்து, நாடாவால் கைப்பிடியில் கட்டுகிற மாதிரி. அவிழ்த்துத் துவைக்கலாம், அதே வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். களிம்புப் பையில் மட்டும் ஒரு பெரிய சட்டைப் பித்தானைத் தைத்து வைத்தார். நான் கேட்கவில்லை. "கரண்டு போனா கைக்குத் தட்டுப்படணும்ல?" கூலி 350. மறுநாள் சாயங்காலம் கொடுத்துவிட்டார்.

அந்தப் பித்தானின் அருமை அந்த வாரமே தெரிந்தது. கரண்டு போன ஒரு ராத்திரியில் செல்போன் வெளிச்சத்தைத் தேடாமல் மாற்றி முடித்தேன். அப்பத்தாவுக்குக் கண் மங்கல், எழுத்தும் தெரியாது. அவரும் இரண்டு நாளில் எந்தப் பை எதற்கு என்று கையாலேயே பழகிவிட்டார். மருந்துக் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய ரப்பர் ஷீட் ஒன்றரை மீட்டரைச் சுருட்டிக் கூடையின் ஓரத்தில் செருகினோம், அங்கிருந்து கொண்டுவந்த மடிப்பு விரிப்பு பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. நனைந்த துணிக்குக் கைப்பிடியில் ஒரு மஞ்சப்பை. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள் அம்மாவிடம் முப்பதாவது இருக்கும்.

பயன்படுத்திய டயப்பரை என்ன செய்வது என்று எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. ரெடிங்கில் வாசனை போட்ட பிளாஸ்டிக் பையில் முடிந்து போடுவேன். இங்கே 2019 ஜனவரி 1 முதல் கடையில் தருகிற பிளாஸ்டிக் பைக்கே தடை. பழைய செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி நூல் கட்டி வைத்தேன். காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா, "இதத் தனியாக் குடுங்க தம்பி, மத்த குப்பையோட கலந்துட்டா எங்க கைதான பிரிக்கணும்" என்றார். திடக்கழிவு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன, டயப்பரைச் சுற்றிக் கட்டிப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று. அன்றிலிருந்து கூடையில் நாலு தாளும் ஒரு நூல்கண்டும் சேர்ந்தன.

குலசாமி கும்பிட உசிலம்பட்டிப் பக்கம் போனோம். வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் இறங்கிப் பாலூட்டும் அறையைப் பயன்படுத்தினோம். 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் இவற்றைத் திறந்தபோது நான் கல்யாணமாகாதவன், செய்தியைப் படித்துவிட்டுத் திருப்பிய பக்கம் அது. அறை சுத்தமாக இருந்தது, மின்விசிறி ஓடியது. துணி மாற்ற மேடை ஏதும் இல்லை, பெஞ்சில் ரப்பர் ஷீட்டை விரித்துச் சமாளித்தோம். சமாளித்தது மனைவி. ஆண்கள் உள்ளே போக முடியாது, போகவும் கூடாது. ஆக, டயப்பர் மாற்றத் தெரிந்தவன் வெளியே கூடையோடு நிற்க, உள்ளேயிருந்து "களிம்பு எதுல?" என்று குரல் வர, "பித்தான் வச்ச பை" என்று நான் கத்த, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். திரும்பி வரும்போது நின்ற வேறொரு நிலையத்தில் அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். காரின் பின் சீட்டே கதி.

சாமி கண்மாய்க்கரையில், புளியமரத்தடியில். பொங்கல் வைக்கிற அடுப்பு, ஆட்டுக்குட்டிகள், கட்டெறும்பு. தரையில் எதையும் வைக்க வழியில்லை. மாமா கூடையை வாங்கித் தாழ்ந்த கொப்பில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு பக்கமும் தனித்தனிக் கைப்பிடி உள்ள கேடியை அப்படி மாட்டினால் குடை சாய்ந்து எல்லாம் கொட்டியிருக்கும். இந்த ஒரு குறிப்பை எங்கே கேடி வாங்கினாலும் பார்த்துக்கொள்ளுங்கள்: இரண்டு கைப்பிடியும் மேலே ஒன்றாகச் சேர்கிறதா, ஒரு ஆணியில் தொங்குமா.

குறை ஒன்று உண்டு. ஒயர் கூடை மடங்காது. ஊருக்குத் திரும்பும்போது பெட்டிக்குள் போகவில்லை, கையிலேயே தூக்கி வந்தோம். அடுத்த முறை அக்காவிடம் இரண்டரை ரோலில் கேட்க வேண்டும்.

ஃபெல்ட் கேடியை மதுரையிலேயே விட்டுவிட்டோம். போன வாரம் வீடியோவில் பார்த்தேன். அப்பத்தாவின் மாத்திரை அட்டைகள், திருநீற்றுச் சம்படம், வெற்றிலை, மூக்குக் கண்ணாடி எல்லாம் அதில் சாய்ந்தபடி இருந்தன. பேசிக்கொண்டிருக்கும்போதே சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏத்தா, என் கேடிய எவ எடுத்தா?" என்று சத்தம் போட்டார். அவர் முட்டிக்குப் பக்கத்திலேயேதான் இருந்தது.