ஃபியூச்சர்ஸ் ஃபண்டட் அக்கவுண்ட்: இரண்டு வருடம், மூன்று கம்பெனி, ஒரே எரிச்சல்

போன வாரம் நண்பன் கேட்டான்: "80 சதவீதம் தள்ளுபடி போட்டிருக்கான். அஞ்சு அக்கவுண்ட் எடுத்து வச்சுக்கட்டுமா?" அவன் சொன்ன ப்ராப் ஃபர்மில், அதாவது கட்டணம் வாங்கித் தேர்வு வைத்து, ஜெயித்தால் தன் அக்கவுண்டில் டிரேட் செய்யவிட்டு லாபத்தில் பங்கு தரும் கம்பெனியில், நான் இரண்டு வருடமாக இருக்கிறேன். இடையில் வேறு இரண்டு கம்பெனிகளிலும் அக்கவுண்ட் ஓட்டிப் பார்த்தேன். பெயர்கள் வேண்டாம். விதிகளைச் சொன்னாலே எது எந்த ரகம் என்று தெரிந்துவிடும். இவாலுவேஷன் (அந்தத் தேர்வு), ரீசெட் (தோற்றால் பணம் கட்டி மறுபடி தொடங்குவது), பேஅவுட் (லாபத்தில் நம் பங்கை வெளியே எடுப்பது) எல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன்.

நண்பன் சொன்ன அந்த முதல் கம்பெனியின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு முறை பேஅவுட் கேட்டேன், ஆறு முறையும் வந்தது. இரண்டு முறை மறுநாளே வந்தது. மூன்றில் கட்டணம் குறைவும் இங்கேதான். சப்போர்ட்டில் கேட்டால் கேட்ட கேள்விக்குப் பதில் வரும். நாள் நஷ்ட வரம்பும் கிடையாது.

ஆனால் அந்த டிராடவுன், அதாவது அக்கவுண்ட் எவ்வளவு நஷ்டம் தாங்கலாம் என்ற வரம்பு! 50,000 டாலர் அக்கவுண்டுக்கு 2,500 டாலர் டிரெய்லிங் (லாபம் ஏற ஏற வரம்பும் பின்னாலேயே ஏறும்), அதுவும் இன்ட்ராடே, நாள் நடுவிலேயே. கையில் எடுத்த லாபத்தை மட்டும் அது பார்ப்பதில்லை. டிரேட் திறந்திருக்கும்போது திரையில் ஓடும் லாபத்தோடும் சேர்ந்து மேலே ஏறும். ஏறியது இறங்கவே இறங்காது.

ஃபண்டட் ஆன முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். வரம்பு 47,500 டாலர்; பேலன்ஸ் அதைத் தொட்டால் அக்கவுண்ட் போய்விடும். நாஸ்டாக் இ-மினி (நாஸ்டாக் குறியீட்டின் ஃபியூச்சர்ஸ்) ஒரு கான்ட்ராக்ட் வாங்கினேன். ஒரு பாயிண்டுக்கு 20 டாலர். ஸ்டாப் லாஸ் 60 பாயிண்ட் கீழே, அதாவது 1,200 டாலர் போனால் போகட்டும் என்ற கணக்கு. விலை 70 பாயிண்ட் ஏறியது. எனக்கு இலக்கு 120 என்பதால் காத்திருந்தேன். பக்கத்திலேயே ஆட்டோ லிக்விடேட் வரம்பு என்ற கட்டத்தில் இருந்த எண் டிக் டிக்காக ஏறி 48,900-இல் நின்றது. அப்புறம் விலை திரும்பியது. வாங்கிய விலைக்கு வந்து, அதற்குக் கீழே 55 பாயிண்ட் இறங்கியபோது பேலன்ஸும் 48,900. பொசிஷன் தானாக மூடியது, அக்கவுண்டும் மூடியது. என் ஸ்டாப் இன்னும் 5 பாயிண்ட் கீழே அப்படியே இருந்தது.

விதி எழுதியேதான் இருந்தது. படித்துவிட்டுத்தான் வாங்கினேன். ஆகவே ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கைக்கு ஒரு டாலர்கூட வராத 1,400 டாலரை என் நஷ்டக் கணக்கில் எழுதுவது நியாயமா? இரண்டு வருடமாகியும் இதை என்னால் ஏற்க முடியவில்லை. இது டிரேட் செய்யும் விதத்தையே கெடுக்கிறது. லாபத்தை ஓடவிடப் பயம் வருகிறது. பத்து பாயிண்ட் வந்ததும் கை தானாக மூடப் போகிறது.

இரண்டாவது கம்பெனி பற்றிச் சொல்ல அதிகமில்லை. கன்சிஸ்டன்சி விதி 40 சதவீதம். ஒரே நாளில் 1,300 டாலர் வந்தது. அந்த நாள் மொத்த லாபத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால், மொத்தம் 3,250 ஆகும்வரை ஒன்றும் எடுக்க முடியாது. அதைத் துரத்தப் போய் அக்கவுண்டை இழந்தேன். அதில் பாதித் தவறு என்னுடையது.

மூன்றாவதில் கட்டணம் அதிகம். பேஅவுட்டுக்கு ஒரு வாரம் ஆகும். ஒருநாள் 1,000 டாலர் போனால் அன்றைக்கு வாசலைச் சாத்திவிடுவார்கள். ஆனால் டிராடவுன் நாள் முடிவுக் கணக்கு. வரம்பு அன்றைய முடிவு பேலன்ஸை வைத்துத்தான் நகரும். நடுவில் அதைத் தொட்டால் இங்கேயும் அக்கவுண்ட் போகும்தான். ஆனாலும் மேலே சொன்ன அதே டிரேடில் வரம்பு 47,500-இலேயே நின்றிருக்கும். என் ஸ்டாப் அடிக்கும் முன்பே 1,000 டாலர் நஷ்டத்தில் அன்றைய வாசலைச் சாத்தியிருப்பார்கள், ஆனால் அக்கவுண்ட் உயிரோடு இருந்திருக்கும்.

இன்ட்ராடே ரகத்தில்தான் இருக்கப் போகிறீர்கள் என்றால் மைக்ரோவை (பத்தில் ஒரு பங்கு அளவு கான்ட்ராக்ட்) விட்டு வெளியே வராதீர்கள். 2019 மே மாதம் சிகாகோ எக்ஸ்சேஞ்சான சிஎம்இ கொண்டுவந்த மைக்ரோ நாஸ்டாக்கில் பாயிண்டுக்கு 2 டாலர்தான். அதே 70 பாயிண்டுக்கு வரம்பு 140 டாலர்தான் ஏறும். 50,000 என்ற எண்ணையும் மறந்துவிடுங்கள். உங்களிடம் இருப்பது 2,500 டாலர். கொடுக்கும் கட்டணத்தை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. ஃபண்டட் என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலும் உள்ளே ஓடுவது சிமுலேட்டட் அக்கவுண்ட்தான், அதாவது நிஜப் பணம் சந்தைக்குப் போவதில்லை, ஒப்பந்தத்திலேயே போட்டிருப்பார்கள். பேஅவுட் கம்பெனியின் கையிலிருந்து வருகிறது. 2023 ஆகஸ்டில் மை ஃபாரெக்ஸ் ஃபண்ட்ஸ் என்ற ப்ராப் ஃபர்ம் மீது அமெரிக்காவின் ஃபியூச்சர்ஸ் ஒழுங்குமுறை அமைப்பான சிஎஃப்டிசி வழக்குப் போட்டதும் கம்பெனியே முடங்கியது. 2025 மே மாதம் நீதிமன்றம் சிஎஃப்டிசியைக் கண்டித்து வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனால் நடுவில் போன காலத்தை டிரேடர்களுக்கு யார் திருப்பித் தருவது? எடுக்க முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

கணக்குப் போட்டால் முதல் கம்பெனிதான் மேல். என் பேஅவுட்டில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வந்தது, சொன்ன சொல்லும் தவறியதில்லை. ஆனாலும் நண்பனிடம் மூன்றாவதில் ஒன்றே ஒன்று எடு என்றுதான் சொன்னேன். "அது விலை ஜாஸ்தியாச்சே" என்றான். சரி, ஜாஸ்திதான்.

முதல் கம்பெனியில் என் அக்கவுண்ட் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. நேற்று ஏழாவது பேஅவுட் கேட்டிருக்கிறேன். வந்ததும் அதை மூடப் போகிறேன்.