ரெண்டு நாள் மோட்டிவேஷன் ஒர்க்‌ஷாப்பா, தெனமும் தெப்பக்குளத்துல ஒரு சுத்து நடையா?

மாறணும்னு நெனக்கிற நம்ம மதுரைக்காரங்க நெறைய பேருக்கு இந்த குழப்பம் இருக்கு, எனக்கும் இருந்துச்சு.

செலவு: ஒர்க்‌ஷாப்புக்கு 4,000 ரூவா கட்டுனேன். நடைக்கு காசே இல்ல.

சுலபம்: ஒர்க்‌ஷாப்தான், உக்காந்து கேட்டா போதும். காலைல 5 மணிக்கு எந்திரிக்கிறது நெசமாவே கஷ்டம்.

நீடிப்பு: விஷயமே இங்கதான். ஒர்க்‌ஷாப் முடிஞ்சு வரும்போது மனசு பொங்குது, ஆனா வீட்ல அதே செல்லு, அதே ராத்திரி 11 மணி பரோட்டா, சுத்தி எதுவும் மாறாம மனசு மட்டும் எத்தன நாளைக்கு தனியா இழுக்கும் சொல்லுங்க? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வுல ஒரு பழக்கம் தானா வர சராசரி 66 நாள் ஆச்சு, நடுவுல ஒருநாள் விட்டாலும் பெருசா கெடல.

எதுல ஆரம்பிக்கிறதுன்னே தெரியலன்னா ஒர்க்‌ஷாப் போங்க. தெரிஞ்சும் செய்ய முடியலன்னா, பக்கத்து வீட்ல ஒருத்தர கூட்டிக்கிட்டு நாளைக்கே மாரியம்மன் கோயில் வாசல்ல இருந்து நடங்க.